ஐஸ் கம்பெனிச் சுவரில் இன்றைய படம்

தடைக்காலம் தொடங்கி ஒன்பதாம் நாள்.
கீழக்கரை மணலில் விசைப்படகுகள்
வயிறு காட்டிக் கிடந்தன.
ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதும் எனக்கு
எழுதக் கணக்கில்லை.
விலைப்பலகையைத் துடைத்தேன்.
பாளம் ஒன்று நூற்றெழுபது என்றிருந்த இடத்தில்
இப்படி எழுதினேன்:

இன்று இரவு எட்டரை.
மாலி தேசத்துப் பாலைவனப் பாட்டுக்காரர்கள்.
படம் ஒன்றேகால் மணி நேரம்.
நெஞ்சை உருக்கும்.
காசு வேண்டாம்.

வந்தது நான்கு பேர்.
அதில் ஒருவர் மின்விசிறிக்காக.

மறுநாள்
ஆளுக்கு ஏற்றாற்போல் சொல்லிப் பார்த்தேன்.
வலை பொத்தும் நம்புகனியிடம்,
'போர்ச்சுகல்லில் ஒருத்தி
கறுப்புச் சால்வை போர்த்திக்கொண்டு பாடுகிறாள்,
கடலுக்குப் போனவனைப் பற்றி.'
'போனவன் வந்தானா?'
'பாட்டில் அது இல்லை.'
'வந்து சேரட்டும், அப்புறம் பாக்குறேன்'
என்று நூலைப் பல்லால் அறுத்தாள்.

மெக்கானிக் சந்தியாகுவிடம் ட்ரினிடாட்.
எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டித் தட்டியே
ஏழு சுரமும் எடுக்கிறார்கள் என்றேன்.
மூன்று முறை பார்த்தான்.
நான்காம் நாள் எங்கள் டீசல் பீப்பாய் ஒன்றைக் காணோம்.
அவன் பட்டறையிலிருந்து சாயங்காலம் பூரா
ச மட்டும் கேட்டது.
ரி இன்றுவரை வரவில்லை.

பாளம் உடைக்கும் இருளப்பனுக்கு நார்வே.
ஏரி உறைந்ததை அறுத்துக் கொம்பு செதுக்கி
ஊதுகிறார்கள், உதடு ஒட்ட ஒட்ட.
கடைசிவரை பேசாமல் பார்த்துவிட்டு
எழுந்து போகையில் சொன்னான்:
'நம்ம ஐஸ்ல ஊதுனா
அமோனியா வாடைதான் வரும் சார்.'
ஆனாலும் மறுநாள் காலை
ஒரு துண்டைக் காதருகே வைத்து
விரலால் சுண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.
பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு கச்சான் எழுந்து நீர் கலங்கிற்று.
சங்கு குளிக்கிறவர்களும் கரையில் நின்றார்கள்.
நான் எழுதினேன்:
வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களின் கூட்டுப்பாட்டு.
சோகமானது.

அன்று நாற்காலி போதவில்லை.
மீன்கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.
குவைத்தில் பதினொரு வருஷம் தண்ணி லாரி ஓட்டிய
சதக்கத்துல்லாவைத் திரையோரம் நிறுத்தினோம்,
அரபியைத் தமிழாக்க.
முதல் பாட்டு முடிந்தது.
'என்னப்பா சொல்றாய்ங்க?'
'ஒண்ணுமில்ல, முன்பணம் குடுத்த மொதலாளியப் பத்தி.'
'திட்டுறாய்ங்களா, கெஞ்சுறாய்ங்களா?'
'ரெண்டுந்தான்.'
கூடைகள் கிரீச்சிட்டன, அப்படியொரு சிரிப்பு.

இரண்டாம் பாட்டில் சிரிப்பில்லை.
ஒருவன் மேலே பாட
மற்றவர்கள் தொண்டைக்கும் கீழே எங்கிருந்தோ
ஒரே ஒரு முனகலை
இழுத்துப் பிடித்திருந்தார்கள்.
தகரக் கூரை அதிர்ந்தது.
முன்வரிசையில் சீனி நெய்னா,
வலது காதில் பஞ்சு வைத்திருப்பவன்,
பஞ்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

விடிந்து வந்து பார்த்தால்
பலகையில் ஒரு சொல்லைக் காணோம்.
எச்சில் தொட்ட கட்டைவிரலால் அழித்த தடம்.
சோகமானது இருந்த இடத்தில்
கோணல் எழுத்தில்:
எட்டுப் பாகம்.

'எட்டுப் பாகம் எறங்குனா
காதுக்குள்ள இதுதான் கேக்கும்.
சோகம்னு யாரு சொன்னா?'

அதற்குப் பிறகு நான்
நெஞ்சை உருக்குவதில்லை.
ஊர், நேரம், எத்தனை நிமிஷம்.
மிச்ச இடத்தைச் சும்மா விட்டுவிடுகிறேன்,
பக்கத்தில் ஒரு சாக்பீஸ் துண்டோடு.
யாரோ 'கரண்டு போச்சு' என்றும் எழுதியிருக்கிறார்கள்.

இன்று பலகையில்:
சனிக்கிழமை, ராமநாதபுரம்,
பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கல்யாண மண்டபம்.
செனகல் மேளக்காரர்கள்,
படமில்லை, ஆட்களே வருகிறார்கள்.
திரும்பிவரக் கடைசி பஸ் ஒன்பது நாற்பது.

பதினேழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.
நம்புகனி கேட்டுவிட்டாள்,
இவர்களும் வராதவனைப் பற்றித்தான் அடிப்பார்களா என்று.
தெரியாது என்றேன். வருகிறாள்.
சீனி நெய்னாவுக்கு ஒரே நிபந்தனை:
வலது கோடி நாற்காலி,
இடது காது
மேடையைப் பார்த்து இருக்கும்படி.